மழை மூட்டத்தில் சொரபொர வாவி

பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கினால் தேயிலை மலைகள் மறைந்து வயல்கள் தொடங்கும். டிசம்பரில் அங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம். "இந்த மழையில் எதற்குப் பயணம்?" என்று லயத்தில் கேட்டார்கள். ஆனாலும் எங்கள் மாதர் குழு வேன் பிடித்துப் புறப்பட்டது. ஓர் அக்காவின் நாய் ஜிம்மியும் ஏறிக்கொண்டது.

மஹியங்கனை நகருக்கு அருகில் உள்ளது சொரபொர வாவி. துட்டகைமுனு மன்னன் காலத்தில் புலத்தா என்ற வீரன் கட்டியதாகச் சொல்வார்கள். பாறையைக் குடைந்து அமைத்த பழைய துருசை இன்றும் பார்க்கலாம்.

எங்களுடன் வந்த ஒரு சகோதரியின் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறியவர்கள். 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, உறவினரை நாடி அவர் தோட்டத்துக்கு வந்தார். குளத்தைக் கண்டதும், "இரணைமடு மாதிரியே இருக்குது" என்று கரையில் பேசாமல் அமர்ந்துவிட்டார்.

தண்ணீரில் புரண்டு வந்த ஜிம்மி, அவர் பக்கத்தில் நின்று உடம்பை உதறியது. சேலை முழுதும் ஈரம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "சிரிச்சா தப்பில்லதானே அக்கா?" என்று கேட்டார்.

தூறலில் குடை பிடித்தபடி ரொட்டியும் சம்பலும் பகிர்ந்து உண்டோம்.

சகோதரிகளே, சிரிப்பதால் இழந்தவர்களை மறந்துவிட்டோம் என்று ஆகாது. மாதம் சிறு தொகை சேருங்கள். ஆண்டில் ஒரு நாளாவது சேர்ந்து வெளியே போய் வாருங்கள். வானம் வெளுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.