2,000 வெள்ளியில் ஒரு மேசைக் கணினி



'விரலுக்கேற்ற வீக்கம்' என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. வருவாய்க்குத் தக்கபடி செலவு செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால், கையிருப்பு சிறிதாக இருக்கும்போது எந்தப் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, எதில் குறைத்துக்கொள்வது என்பதை அப்பழமொழி சொல்வதில்லை. கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்த முனைவோர் அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். 2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில், கெலுகோரில் எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திற்காக இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. பிற பெற்றோர்க்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

அக்குடும்பத்தின் மூத்த மகள் என் பழைய மாணவி. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அவள் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது தாயாரின் கைப்பேசி ஒன்றே. தாயார் வேலைக்குச் சென்றுவிட்டால் அதுவும் இல்லை. அவளுடைய பயிற்சிகள் இரவு 11 மணிக்கு மேல்தான் எனக்கு வந்து சேரும். 2026ஆம் ஆண்டில் அவளுக்குப் படிவம் 4. கணினி அறிவியலைப் பாடமாக எடுத்திருக்கிறாள். நிரல் எழுதிப் பழகுவதற்குக் கைப்பேசி போதாது. மிகைநேர வேலை செய்து சேர்த்த 2,000 வெள்ளியுடன் தாயார் என்னைத் தேடி வந்தார்.

"சார், லேப்டாப்பைத் தவணையில தர்றேன்னு கடையில சொல்றாங்க. எடுக்கிறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்" என்றார்.

மடிக்கணினி வேண்டாம் என்று நான் எல்லாருக்கும் சொல்வதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே ஏற்றது. ஆனால் இங்கே மூன்று பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே மேசை. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் போதவில்லை என்றால் கூட்ட முடியாது. திரையோ விசைப்பலகையோ பழுதானால் அதனை மாற்றும் செலவும் எளிதில் தாங்கக்கூடியதன்று. மேசைக் கணினியில் எந்த உறுப்பு கெட்டதோ அதனை மட்டும் மாற்றலாம். மூவரும் பல ஆண்டுகள் பயன்படுத்தப் போகும் பொருளுக்கு இதுவே முதன்மையான தகுதி என்று விளக்கினேன். தாயார் ஒப்புக்கொண்டார்.

பிறகு மாணவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, எட்டு உறுப்புகளின் பெயர்களை எழுதச் சொன்னேன்: மையச் செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, கேசிங் எனும் பெட்டி, திரை, விசைப்பலகையும் சுட்டியும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டும். 'இதனை அடுத்த ஆண்டு கூட்டவோ மாற்றவோ முடியுமா? மாற்றினால் மற்றவற்றைத் தொடாமல் மாற்ற முடியுமா?' முடியும் என்றால் அதில் இப்போது சிக்கனம் செய்யலாம். முடியாது என்றால் அங்கே பணத்தைப் போட வேண்டும். நான் சொன்ன விதி இவ்வளவுதான்.

விடைகளை எழுதிய பிறகு அவளே வியந்தாள். விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் நினைவகமும் சேமிப்பகமும் பின்னர் எளிதாகக் கூட்டக்கூடியவை. விளம்பரத்தில் இடமே பெறாத தாய்ப்பலகையும் மின்வழங்கியும்தான் மாற்றுவதற்குக் கடினமானவை. தாய்ப்பலகையை மாற்றினால் ஏறக்குறைய முழுக் கணினியையும் கழற்ற வேண்டும். மின்வழங்கி தரமற்றதாக இருந்தால் அது தான் மட்டும் கெடாது. தன்னோடு இணைந்த மற்றவற்றையும் கெடுத்துவிடக்கூடும்.

செயலியாக ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்பதைத் தேர்ந்தோம். 2021இல் சந்தைக்கு வந்தது. 6 உள்ளகங்கள் கொண்டது. வரைகலைத் திறனும் அதனுள்ளேயே இருக்கிறது. எனவே தனி வரைகலை அட்டை வாங்கத் தேவையில்லை. இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்டெல் செயலிகளில் எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் வரைகலைத் திறன் இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று அதனை வாங்கினால் திரையில் எதுவும் தோன்றாது. தனி அட்டைக்கு மேலும் செலவு செய்ய வேண்டி வரும்.

தாய்ப்பலகையில் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டோம். மலிவான பலகைகளில் நினைவகத்திற்கு இரண்டு இடங்களே இருக்கும். நாங்கள் நான்கு இடங்கள் கொண்ட பி550 வகைப் பலகையை எடுத்தோம். பலகையில் உள்ள பயாஸ் எனும் அடிப்படை மென்பொருள் பழையதாக இருந்தால் புதிய செயலியை அது அடையாளம் காணாது. ஆகவே கடையிலேயே அதனைப் புதுப்பித்துத் தரும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

மின்வழங்கியில்தான் ஒரு சிறு வழக்கு நடந்தது. ஒரு கடையில் பெட்டியை வாங்கினால் '500 வாட்' மின்வழங்கி இலவசம் என்றார்கள். மாணவியின் முகம் மலர்ந்தது. அதனைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். காலிப் பெட்டி போல் எடையற்று இருந்தது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டதற்கு விடை இல்லை. எங்கள் கணினி முழு வேகத்தில் இயங்கினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. எனவே ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும் வாட் கணக்கு எங்களுக்கு முக்கியமன்று; மின்சாரம் சீராக வருகிறதா என்பதே முக்கியம். '80 பிளஸ்' என்ற முத்திரை உள்வாங்கும் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டும். உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு உத்தரவாதம் தருகிறார் என்பது அவருக்கே தம் பொருள்மீது எவ்வளவு நம்பிக்கை என்பதைக் காட்டும். ஐந்து ஆண்டு உத்தரவாதம் உள்ள 450 வாட் மின்வழங்கியைக் காசு கொடுத்து வாங்கினோம். மாலை நேர இடிமழைக்குப் பேர்போன ஊர் நமது. ஆதலால், மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் தடுக்கும் இணைப்புக் கட்டை ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்.

நினைவகம்தான் எங்களை மிகவும் வருத்தியது. 2025இன் பிற்பகுதியில் அதன் விலை மளமளவென ஏறியது. காரணம் உலகளாவியது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் எனும் மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால், அம்மூன்றும் தம் உற்பத்தியை அப்பக்கம் திருப்பின. வீட்டில் கணினி கோப்போர் பல்லாண்டுகளாக வாங்கி வந்த 'குருஷியல்' வணிகப் பெயரையே கைவிடப் போவதாக 2025 டிசம்பரில் மைக்ரோன் அறிவித்தது. அதே மைக்ரோனுக்கு இரண்டாவது பாலத்தைக் கடந்தால் நம் பத்து காவானிலேயே ஆலை இருக்கிறது. ஆலை அருகில் இருப்பதனால் பொருள் மலிவாகக் கிடைத்துவிடுவதில்லை.

புதியது வாங்கினால் கணக்கு உதைக்கும் என்று தெரிந்ததும் பயன்படுத்திய நினைவகத்தை நாடினோம். அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய, ஒரே வகையான இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 துண்டுகள் கிடைத்தன. ஒரே துண்டாக 16 ஜிபி போடுவதைவிட இரண்டாகப் போடுவது மேல். செயலி இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். செயலிக்குள் உள்ள வரைகலைப் பகுதியும் இந்நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்வதால் வேறுபாடு நன்றாகவே தெரியும். நினைவகத்தில் அசையும் பாகம் இல்லை. எனவே பழையதை வாங்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் திருப்பித் தரும் தவணை முடிவதற்குள், மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை மென்பொருளை ஓரிரவு முழுதும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மற்றொரு எச்சரிக்கை: மிக மலிவாக விற்கப்படும் சில துண்டுகள் வழங்கிக் கணினிகளுக்கு உரியவை. வீட்டுக் கணினியில் அவை வேலை செய்யா.

மற்றவற்றில் சிக்கனம்தான். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. சுழலும் வன்தட்டு ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க ஏறக்குறைய 10 மில்லிநொடி எடுக்கும் இடத்தில், இது 0.1 மில்லிநொடியில் முடித்துவிடும். பெட்டி ஆகச் சாதாரணமானது. பல்லியும் கரப்பானும் நுழையாதபடி துளைகளுக்கு வலை மட்டும் இருந்தால் போதும் என்றேன். திரை, பயன்படுத்தியது. இயங்குதளம் உபுண்டு, எழுத்துப் பணிக்கு லிப்ரே ஆபிஸ், இரண்டும் விலையற்றவை. தமிழ்99 விசைமுகத்தையும் சேர்த்துக்கொண்டோம். தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் தேடிய காலம் ஒன்று இருந்தது. முரசு அஞ்சலை ஆக்கித் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்பதையும் மாணவிக்குச் சொல்லி வைத்தேன். செலவு மொத்தம் 1,870 வெள்ளி. மீதியைத் தாயாரிடம் கொடுத்தேன்.

உறுப்புகளைப் பொருத்திய நாளில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. அதனைச் சொல்லுமுன் சிறிது வரலாறு சொல்ல வேண்டும். துன் லிம் சோங் இயூ பினாங்கின் முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை அவ்வாண்டில் அங்கேதான் எழுந்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி முதலியனவும் வந்தன. தோட்டத்தையும் சிற்றூரையும் விட்டு வந்த நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அவ்வாலைகளில் சேர்ந்தனர். சில்லுகளைப் பொதிந்தனர், சோதித்தனர், இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். கெலுகோர் வழியே விடியற்காலையில் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளை இன்றும் காணலாம். இம்மாணவியின் தாயார் அப்படிப்பட்ட ஓர் ஆலையின் சோதனைப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவர்.

செயலியின் உறையை நான் பிரிக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. மொதல்ல இரும்பைத் தொடுங்க. உடம்புல கரண்ட் இருக்கும்."

உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும் என்பதை நான் நூலில் படித்திருக்கிறேன். அவருக்கு அது கையில் ஊறிய பழக்கம். மகளைப் பெட்டியின் உலோகத்தைத் தொடச் செய்தார். செயலியின் அடியில் 1,331 ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் தொல்லை. அதனை ஓரங்களில் மட்டும் பிடித்து, மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைப் பலகையின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தார். அது தானாகவே இறங்கி அமர்ந்தது. மகள் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தாய் ஆலையில் என்ன செய்கிறார் என்பதை அவள் அன்றுதான் கண்ணால் கண்டாள்.

மூடியின்மேல் இருந்த பொறிப்பைத் தாயார் படித்துப் பார்த்தார். ஏஎம்டியின் இவ்வகைச் சில்லுகள் தைவானில் உருவாகி, பொதிவதற்கும் சோதிப்பதற்கும் பினாங்குக்கோ சீனாவின் சுசோவுக்கோ செல்பவை. 2016 முதல் அவ்விரு ஆலைகளிலும் பெரும்பங்கு ஒரு சீன நிறுவனத்தின் வசம் உள்ளது. எங்களுடையது சீனாவில் முடிக்கப்பட்டிருந்தது.

"நம்ம ஊர்ல முடிச்சது இல்ல போல" என்று சிரித்தார். பிறகு, "ஃபேக்டரியில எத்தனையோ பார்த்துட்டேன் சார். ஒண்ணு கூட ஓடிப் பார்த்ததில்ல. இது ஓடுறதைப் பார்க்கணும்" என்றார்.

மாலை ஏழு மணி அளவில் அது ஓடியது.

2,000 வெள்ளி எல்லார் கையிலும் இருப்பதில்லை என்பதை அறிவேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றதால், அலுவலகங்கள் பல தம் பழைய கணினிகளைக் கழித்துவிடுகின்றன. அவை இரண்டாம் கையாக மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 ஏற்காத கணினியிலும் லினக்ஸ் நன்றாகவே ஓடும். வன்தட்டுக்குப் பதில் ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டால் பள்ளிப் பிள்ளைக்குப் பல ஆண்டு உழைக்கும். அதிலும் இதே கேள்வியைக் கேட்டே வாங்குங்கள்: பின்னர் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தாளையும் எழுதுகோலையும் அவரிடமே கொடுங்கள். எங்கள் மாணவி அந்தத் தாளைப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். உறுப்புகளின் பெயர், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவை அதில் உள்ளன. கீழே 'விலை இறங்கியதும் மேலும் இரண்டு 8 ஜிபி' என்று எழுதியிருக்கிறாள். நினைவகத்திற்கான இரண்டு இடங்கள் காலியாகக் காத்திருக்கின்றன.