சொந்த வண்டிதான், ஆனா...

போன வாரம் மரவள்ளிக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தேன். அக்கா மகன் வரப்புல வந்து நின்னான். கையில முத்திரைத்தாள் ஒப்பந்தம், முழுக்க இங்கிலீஷ். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாமா."

எங்க நாமக்கல் பக்கம் ஒத்தை லாரி வெச்சு, தானே ஓட்டறவங்க நிறைய. இவனும் 12 வருஷம் சம்பளத்துக்கு ஓட்டினவன். ஒண்ணரை ஏக்கரை அடமானம் வெச்சு லாரி எடுத்திருக்கான். இப்ப ஒரு டிரான்ஸ்போர்ட்ல அட்டாச் பண்ணணும்.

டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் அவன் செலவு. அவன் தொழிலாளி இல்லையாம், ஒப்பந்ததாரராம்; அதனால பி.எஃப். கிடையாது. சரி, சொந்த வண்டிக்காரன்னா அப்படித்தான். ஆனா அடுத்த பக்கத்துல, வேற யார் லோடும் ஏத்தக்கூடாதுன்னு இருக்கு. புனேல இறக்கினா, ரிட்டன் லோடு அவங்க குடுக்கற வரைக்கும் அங்கயே கிடக்கணும். அவங்க மட்டும் 7 நாள் நோட்டீஸ்ல கழட்டி விடலாம். (கறிக்கோழி ஒப்பந்தமும் இப்படித்தான். ஷெட்டும் கரண்ட் பில்லும் நம்மளது, குஞ்சும் தீவனமும் கம்பெனியோடது.)

10 வண்டிக்கு மேல இல்லாதவங்க பான் நம்பரோட எழுதிக் குடுத்தா, வாடகையில டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை. அது அவனுக்குத் தெரியல, சொல்லி விட்டேன்.

பென்சில்ல மூணு இடத்துல எழுதினேன்: ரிட்டன் லோடு அவன் இஷ்டம், நோட்டீஸ் 30 நாள், இறக்கக் காத்திருந்தா ஹால்டிங் காசு.

ராத்திரி போன் பண்ணினான். ஹால்டிங் மட்டும் ஒத்துக்கிட்டாங்களாம்.

"கையெழுத்துப் போட்டுட்டியா மாப்ளே?"

"அஞ்சாந்தேதி தவணைங்க மாமா."