மூன்றாவது மீனவர்

பாக் நீரிணைச் செய்தி எங்கள் மேசைக்கு வரும்போதே வார்த்து எடுத்தது போலத்தான் வரும். இத்தனை மீனவர், இத்தனை விசைப்படகு, இலங்கைக் கடற்படை சிறைபிடிப்பு, சங்கத் தலைவர்களின் கண்டனம், பிரதமருக்கு முதல்வர் கடிதம். எண்ணை மாற்றினால் போன மாதச் செய்தியையே மறுபடி போடலாம்.

உதவி ஆசிரியராக இதைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, இதில் இரண்டே தரப்புதான் இருக்கிறது என்பது. நம் மீனவர், அவர்கள் கடற்படை. இலங்கைக் கரையில், நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் மன்னாரிலும் மாலையில் வலை பாய்ச்சிவிட்டு விடியலில் எடுக்கப் போகும் மீனவர் எங்கேயும் வருவதில்லை. அவரும் தமிழர். போர்க்காலம் முழுக்கக் கடற்படையின் தடைகளால் தொழிலை இழந்து கிடந்தவர். 2009க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கிக் கடலில் இறங்கினார். அந்த வலையை இரவில் நம் விசைப்படகுகளின் இழுவைமடிகள் அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவைமடிக்கு இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை விதித்தது. அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது யாழ்ப்பாணத் தமிழ் எம்.பி.யாக இருந்த சுமந்திரன். இது தெரியாத வாசகருக்கு ஒவ்வொரு கைதும் சிங்கள அரசு தமிழன் மேல் பாய்வதாகவே படும்.

அப்படிப் படுவதில் வாசகரைக் குறை சொல்ல மாட்டேன். கடற்படையின் துப்பாக்கிச் சூட்டில் நம் கரையில் பலர் செத்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குப் போய்வந்த எந்த நிருபருக்கும் ‘எல்லை தாண்டி’ என்று எழுதக் கை நடுங்கும். நடுங்கத்தான் வேண்டும்.

ஆனால் ‘மீனவர்’ என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்துவிடுகிறோம். படகு முதலாளி கரையில் இருக்கிறார். பிடிபடுவது டிரைவரும் கூலிக்குப் போன பையன்களும். இலங்கை நீதிமன்றம் படகை அரசுடைமையாக்கினால் நஷ்டம் முதலாளிக்கு, சிறை டிரைவருக்கு. ராமேசுவரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக் கொடுத்திருப்பது ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. இழுவைமடியால் நொந்தவர்கள் நம் கரையிலேயே இருக்கிறார்கள். இறாலுக்காகத் தரையோடு வழித்து இழுத்தால் குஞ்சும் சினையும் சங்காயம் என்கிற கழிவு மீனாக மேலே வரும், கருவாட்டுக் களத்துக்கும் தீவனத்துக்கும் போகும். நம் பக்கம் மீன் குறைந்ததற்கும் அந்தப் பக்கம் போவதற்கும் உள்ள தொடர்பு அந்தக் குவியலில் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ஓட்டை வேறு இடத்தில். அங்கே ‘அத்துமீறிய இந்திய இழுவைப்படகுகள்’ என்றுதான் செய்தி. படகுக்குள் இருந்த கூலியாள் அதில் தென்பட மாட்டார். இரு பக்கமும் தமிழில்தான் எழுதுகிறோம், ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது ராமேசுவரம் நிருபர் தம்பி போன் செய்தால், எண்ணிக்கை சொல்லி முடித்ததும் கேட்பேன்: “என்ன மடி? எந்தப் பக்கம் இழுத்தாங்க?”

“அண்ணே, அதெல்லாம் போட்டா இங்க நான் தெருவுல நடக்க முடியாதுண்ணே.”

அவர் சொல்வது நிஜம். அவர் அங்கே குடியிருக்கிறார். அதனால் அந்த வரியை அவர் பெயரில் விடாமல், மேசையில் வைத்து நானே சேர்க்கிறேன். நெடுந்தீவு மீனவர் சங்கம் அன்று ஏதாவது சொல்லியிருந்தால் அதையும். இடம் போதாவிட்டால் பக்கம் கட்டுகிறவர் அடியிலிருந்துதான் வெட்டுவார். ஆகவே இரண்டையும் இரண்டாம் பத்தியிலேயே வைத்துவிடுகிறேன்.