போல்ட்டை விட ஓட்டை எவ்வளவு பெரிசு?

எம் 10 போல்ட்டுக்கு 10 மி.மீ. டிரில் பிட் போட்டால் போல்ட் போகுமா? பெரும்பாலும் போய்விடும். மரையின் வெளிவிட்டம் 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். டிரில் பிட்டும் தன் அளவை விடக் கொஞ்சம் கூடவே குடையும். ஒரு போல்ட், ஒரு ஓட்டை என்றால் அதோடு வேலை முடிந்தது. இரண்டு தகடு, நான்கு போல்ட் என்று வரும்போதுதான் வம்பு. முதல் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டாவதைச் சுத்தியலால் தட்ட வேண்டும். மூன்றாவதற்கு வட்ட அரம் தேட வேண்டும்.

ஆக, ஓட்டையின் அளவை முடிவு செய்வது போல்ட்டின் பருமன் மட்டும் இல்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் உள்ள தூரத்தை நம்மால் எவ்வளவு சரியாகக் கொண்டுவர முடியும் என்பதும்தான்.

*

போல்ட் ஓட்டைகளின் அளவுக்கென்றே ஒரு தர அட்டவணை உண்டு: ஐஎஸ்ஓ 273, இந்தியாவில் ஐஎஸ் 1821. நெருக்கம், நடுத்தரம், தாராளம் என மூன்று வரிசை. எம் 6-க்கு 6.4, 6.6, 7. எம் 8-க்கு 8.4, 9, 10. எம் 10-க்கு 10.5, 11, 12. எம் 12-க்கு 13, 13.5, 14.5. எம் 16-க்கு 17, 17.5, 18.5. எம் 20-க்கு 21, 22, 24.

அட்டவணை கையில் இல்லாவிட்டால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். 6-க்கு 6.6, 10-க்கு 11, 20-க்கு 22, 30-க்கு 33: அப்படியே நடுத்தர வரிசை. நடுவில் உள்ள அளவுகளில் சில புள்ளி முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

*

எம் 10 போல்ட், 11 மி.மீ. ஓட்டை. இரண்டு தகட்டிலும் வெறும் ஓட்டை, மறுபக்கம் நட்டு. இடைவெளி 1 மி.மீ. அப்படியானால் ஒவ்வொரு ஓட்டையும் தன் சரியான இடத்திலிருந்து எந்தப் பக்கம் அரை மி.மீ. விலகியிருந்தாலும் போல்ட் இறங்கிவிடும்.

அதே வேலையில் ஒரு தகட்டுக்கு டேப் அடித்து மரை போட்டுவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. மரையில் மாட்டிய போல்ட் நகராது. இரண்டு தகட்டின் பிழையையும் மேல் தகட்டின் ஓட்டை ஒன்றே தாங்க வேண்டும். அனுமதி பாதியாகி, கால் மி.மீ.க்கு வந்துவிடுகிறது. ஸ்கிரைபரால் கோடு கிழித்து, சென்டர் பஞ்ச் அடித்து, பில்லர் டிரில்லில் போடும் கைவேலைக்குக் கால் மி.மீ. என்பது கடினம். பஞ்ச் புள்ளி சற்றுச் சாய்ந்தாலே பிட் ஓடிவிடும். இந்த இடத்தில் 12 மி.மீ. போடுவதுதான் புத்திசாலித்தனம், அரை மி.மீ. அனுமதி திரும்பக் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 11 என்று எழுதிவிடுகிற வரைபடங்கள் ஏராளம்.

இரண்டு தகட்டையும் கவ்வி சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளைத்தால் 10.5 போதும். ஆனால் அந்த ஜோடி பிரியக்கூடாது. ஓரத்தில் பஞ்ச் அடையாளம் அவசியம்.

*

“இவ்வளவு லூசா விட்டா ஆடாதாண்ணே?” புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்விதான். இறுக்கிய போல்ட் தகடுகளைப் பிடித்துவைப்பது பக்கவாட்டில் முட்டிக்கொண்டு அல்ல, அமுக்கிப் பிடித்து. 8.8 தரத்து எம் 10 போல்ட்டைச் சரியாக முறுக்கினால் சுமார் 2.5 டன் அழுத்தம் வரும். உராய்வை ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், அரை டன் இழுப்பு வரை தகடு நழுவாது. முறுக்கு போதாவிட்டால் 10.5 ஓட்டையிலும் ஆடத்தான் செய்யும்.

இடம் துல்லியமாக அமைய வேண்டுமா? இரண்டு டவல் பின் போடுங்கள். அந்த வேலையை போல்ட்டின் தலையில் கட்ட வேண்டாம்.

*

மின் மோட்டாரின் காலைப் பாருங்கள். 90 பிரேமில் எம் 8-க்கு 10 மி.மீ. ஓட்டை, 112-இல் எம் 10-க்கு 12, 160-இல் எம் 12-க்கு 14.5. மூன்றும் தாராள வரிசை. கப்ளிங்கை நேர்கோட்டில் கொண்டுவர மோட்டாரை இப்படியும் அப்படியும் நகர்த்த இடம் வேண்டுமே.

80 மி.மீ. குழாயின் பிஎன் 16 ஃப்ளாஞ்சில் எட்டு எம் 16 போல்ட், ஓட்டை 18. அட்டவணையின் நடுத்தரத்துக்கும் தாராளத்துக்கும் நடுவே.

*

பெரிசாக்கிக்கொண்டே போகவும் முடியாது. எம் 10 தலையின் அகலம் 16 அல்லது 17 மி.மீ. ஓட்டை 12 என்றால், தட்டையான பக்கங்களில் சுற்றிலும் உட்கார 2, 2.5 மி.மீ. விளிம்புதான் மிச்சம். அலுமினியத் தகடானால் தலை உள்ளே பதிந்து, முறுக்கு தளர்ந்துபோகும். 20 மி.மீ. வாஷர் கட்டாயம். நீள்துளைக்கு (ஸ்லாட்) அதுவும் போதாது, கனமான தகட்டு வாஷர் வேண்டும்.

*

மொட்டைமாடி சோலார் சட்டம். 3 மீட்டர் அலுமினிய ரெயில், அடியில் இரும்பு. வெப்பம் 40 டிகிரி ஏறினால் அலுமினியம் இரும்பை விட 1.3 மி.மீ. அதிகம் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடத்தான் நடுவில் வட்ட ஓட்டை, இரு முனையிலும் ஸ்லாட்.

*

கட்டுமான இரும்புக்கு வேறு கணக்கு. ஐஎஸ் 800 (2007) படி 16 முதல் 24 வரையிலான போல்ட்டுக்கு 2 மி.மீ. கூடுதல், அதற்கு மேல் 3. கால்வனைசிங் செய்கிற தகடு என்றால் ஓட்டைக்குள்ளும் துத்தநாகம் ஏறும், சொட்டு நிற்கும். நெருக்க வரிசையை அங்கே மறந்துவிடலாம்.

*

வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “எம் 10 ஓட்டை” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பட்டறையில் ஒருவர் அதை 8.5 துளைத்து மரை போடுவார், இன்னொருவர் 10 போடுவார், மூன்றாமவர் 11 போடுவார். மூவர் மீதும் குற்றமில்லை. மரையா, வெறும் ஓட்டையா, விட்டம் எத்தனை என்று எழுதிவிடுங்கள்.