சிறைப்பட்ட குழந்தை

‘கமலாம்பாள் சரித்திரம்’ தந்த ராஜமையர் பிறந்த வத்தலக்குண்டே எனக்கும் பிறந்த ஊர். மேற்கே கொடைக்கானல் மலை அரணாக நிற்க, வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த அவ்வூரில் என் சின்னத்தா கொடிக்கால் வேலை செய்து வாழ்ந்தார். இரு பெருநாள்களில் அன்றி அவரைப் பள்ளிவாசலில் நான் கண்டதில்லை. பாங்கொலி எழும் நேரங்களில் அவர் கொடிக்காலில் இருப்பார். நோன்பு நாள்களிலும் அவருடைய தூக்குவாளியில் கஞ்சி இருக்கும். ஆயினும், ஊரில் எவர் வீட்டில் இறப்பு நேர்ந்தாலும் மண்வெட்டியோடு கபரஸ்தானுக்கு முதலில் செல்பவர் அவரே. குழி வெட்டி முடித்தபின், ஜனாஸா தொழுகைக்கு ஊரார் அணிவகுக்கும்போது மட்டும் விலகிச் சென்று வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்.

“நீங்கள் தொழவில்லையா சின்னத்தா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “எனக்கு ஓதத் தெரியாதத்தா. ஏழு வயசுல கொடிக்காலுக்குப் போனவன். தப்பா நிக்கிறதவிடத் தள்ளி நிக்கிறது மேல்” என்றார்.

எம்.ஃபில். பட்டம் பெற்று ஊர் திரும்பிய நாளில், கல்விச் செருக்கும் மார்க்கப் பற்றும் என்னுள் ஒருங்கே இருந்தன. ரமலான் பகலில் அவர் வீட்டில் அடுப்பெரியக் கண்டேன். “இனி இந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன்” என்று சொல்லி வெளியேறினேன். நான்கு ஆண்டுகள் அச்சொல்லைக் காத்தேன். ஐந்தாம் ஆண்டில் அவர் மௌத்தானார்.

மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வேளையில், முற்றத்தில் நின்ற இளைஞர் ஒருவர் கேட்டார்: “தொழாதவருக்கு நாம் ஏன் தொழவேண்டும்?” அக்குரல் எனக்கு என் குரலாகவே கேட்டது. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அமைதியாக விடை கூறினார்: “இவன் கலிமாச் சொன்னவன். அஞ்சுவேளைத் தொழுகை அவன் கணக்கு. ஜனாஸா நம்ம கணக்கு. அவன் கணக்க அல்லாஹ் பாத்துக்குவான். நம்ம கணக்க நாம தீர்ப்போம், வாங்க.” அதன்மேல் எவரும் பேசவில்லை. அணி நிறைந்தது. நானும் நின்றேன்.

அன்று தொடங்கி ஒரு வினா என்னைவிட்டு அகலவில்லை. ஒருவன் தன் சமயக் கடமைகளைச் செய்யத் தவறினால், அச்சமூகத்தில் அவனுக்குரிய இடம் யாது? வேதம் அருளப்பெற்ற பிற சமூகத்தார் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என அறிய விழைந்தபோது, மூஸா நபி (அலை) அவர்களின் வழிவந்த யூதரின் சமயச் சட்டம் என் கவனத்தை ஈர்த்தது.

ஹலாகா எனப்படும் அச்சட்டத்தின்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவரும் முறைப்படி அச்சமயத்தைத் தழுவியவரும் யூதர். பாவம் செய்தாலும் இஸ்ரவேலன் இஸ்ரவேலனே என்பது தல்மூதில் காணப்படும் கருத்து. பதினொன்றாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ராஷி என்னும் பேரறிஞர், கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யூதர் செய்துகொண்ட திருமணமும் செல்லும் என்று இக்கருத்தின்வழி தீர்ப்பளித்தார்.

எனினும், கடமை தவறியவரை அச்சட்டம் தடையின்றி விட்டுவிடவில்லை. சனிக்கிழமை ஓய்வுநாளை ஊரறிய மீறுபவன் சிலவற்றில் அயலானுக்கு ஒப்பாகக் கருதப்பட்டான். அவன் தொட்ட திராட்சைமதுவைப் பிறர் அருந்தலாகாது. அவன் சாட்சியம் ஏற்கப்படாது. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பதின்மருள் அவனை எண்ணலாமா என்பதும் வாதத்திற்குரியதாயிற்று. இதனைப் படித்தபோது ‘கை நனைக்கமாட்டேன்’ என்ற என் சொல் நினைவில் எழுந்து சுட்டது.

இவ்விறுக்கத்தைத் தளர்த்தியவர்களுள் தலையாயவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ். முஸ்லிம் உலகம் அவரை மூஸா இப்னு மைமூன் என அறியும். ஸ்பெயினின் குர்துபாவில் பிறந்து, கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் வாழ்ந்து, அரபு மொழியில் பல நூல்கள் இயற்றிய மருத்துவர் அவர். வாய்மொழி மரபை ஏற்காத காராயித்துப் பிரிவினர் அக்காலத்தில் பெருகியிருந்தனர். அப்பிரிவைத் தோற்றுவித்தவரையும் அதில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் அவர் ஒன்றாக வைத்து எண்ணவில்லை. அயலாரிடம் சிறைப்பட்டு, தன் மார்க்கம் இன்னதென அறியாமலே வளர்ந்த குழந்தையைப் பற்றித் தல்மூது பேசுகிறது. அக்காராயித்துப் பிள்ளைகளும் அத்தகையோரே என்றார் அவர். அவர்களை இன்சொல்லால் ஈர்க்கவேண்டுமே அன்றி ஒறுத்தல் கூடாது என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்தோனா நகரின் சமயத் தலைவர் யாக்கோபு எட்லிங்கர், அந்நெறியைத் தம் காலத்து ஜெர்மானிய யூதருக்கும் பொருத்திப் பார்த்தார். ஓய்வுநாள் வழிபாட்டை நிறைவேற்றிவிட்டு அன்றே கடை திறந்தவர்கள் அவர்கள். படைத்தவனை மறுப்பவன் ஓய்வுநாளின் துதியை ஓதுவானா என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். இருபதாம் நூற்றாண்டில் ஹசோன் ஈஷ் எனப்பட்ட அறிஞரும், இறையாற்றல் கண்கூடாக வெளிப்படாத இக்காலத்திற்குப் பழைய கடுமை பொருந்தாது. அன்பினால் அழைப்பதே கடமை என்று உரைத்தார். பிழை பிழையே என்பதில் இவர்கள் மூவரும் உறுதியாக நின்றனர். பிழைத்தவன் அப்பிழைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தான் என்பதையும் கேட்டனர்.

நம் நாட்டிலேயே இதற்கொரு சான்று உண்டு. கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேல் சமூகத்தார் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ எனப் பெயர் பெற்றனர். எபிரேய மொழியை மறந்தனர், நூற்கல்வியை இழந்தனர். ஓய்வுநாளும், விருத்தசேதனமும், உணவு விலக்குகளும், ‘ஷெமா’ என்னும் உறுதிமொழியும் மட்டுமே எஞ்சின. மைசூர்ப் போரில் சிறைப்பட்ட சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற படைவீரர், ‘நான் பனூ இஸ்ராயீல்’ என்றதும், குர்ஆனில் அப்பெயரை அறிந்திருந்த திப்பு சுல்தானின் அன்னை அவருக்காகப் பரிந்துரைத்தார் என அச்சமூகத்தார் சொல்லி வருகின்றனர். அவர் 1796இல் பம்பாயில் எழுப்பியதே அந்நகரின் முதல் யூத ஆலயம்.

1948க்குப்பின் இவர்களுள் பலர் இஸ்ரேலில் குடியேறினர். மணவிலக்குச் சட்டத்தை அறியாமல் வாழ்ந்த முன்னோரிடம், முறையாக விலக்குப் பெறாத மறுமணங்கள் நிகழ்ந்திருக்கலாம் என ஐயுற்று, அவர்கள் பிற யூதரை மணக்கும்போது தாய்வழி மரபை ஆராயவேண்டும் என்று 1962இல் தலைமை ராபி அலுவலகம் ஆணையிட்டது. எண்ணெய்ச் செக்கை நிறுத்தி ஓய்வுநாளைக் காத்தவர்கள், தம் பாட்டியின் பாட்டியை நிறுவிக்காட்ட வேண்டியவராயினர். அவர்கள் வீதிக்கு வந்து போராடினர். 1964 ஆகஸ்டில் அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவித்தது, ஆணையும் திருத்தப்பட்டது.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், கடமைகளை நிறைவேற்றியும், சமவுரிமையின்றி ஒதுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அறப்போர் நடத்தி அவ்வேற்றுமையை எதிர்த்தார். கடமை தவறியவனை அணைக்கச் சட்டம் வழி தேடுகையில், கடமை செய்தவனையும் விலக்க மனிதர் வழி தேடுகின்றனர்!

நம் மார்க்கத்திற்கும் யூத சமயத்திற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே பிறப்பு அடையாளம். இங்கே கலிமா அடையாளம். தொழுகை கடமை என ஏற்றும் சோம்பலால் விட்டவரை இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் புகழ்பெற்ற ஒரு கருத்து இறைமறுப்பாளராகக் கொள்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) முதலிய பெரும்பான்மையோர் அவரைப் பெரும்பாவி என்பர். முஸ்லிம் அல்லர் என்னார். எனவே அவருக்கு ஜனாஸா தொழுவது சமூகக் கடமையாகிறது. பெரியவர் முற்றத்தில் நின்று சொன்னது வெறும் இரக்கமன்று, சட்டமும் அதுவே.

மாணவச் செல்வங்களே, தொழுகையை விடுவது எளிய பிழை என்று நான் கூறவில்லை. என் சின்னத்தா தொழுதிருக்க வேண்டும். ஆனால், ஏழு வயதில் கொடிக்காலுக்கு அனுப்பப்பட்ட அவருக்கு ஓதக் கற்பிக்க அறுபது ஆண்டுகளாக எவரும் முன்வரவில்லை. கற்ற நானும் முன்வரவில்லை. அவரருகே அமர்ந்து ‘அல்ஹம்து’ சூராவைச் சொல்லித்தர எனக்குச் சில மாலைப் பொழுதுகள் போதுமாயிருந்தன. அந்நான்கு ஆண்டுகளையும் நான் அவர் வீட்டைத் தவிர்ப்பதில் கழித்தேன்.

மூன்றாம் நாள் அவ்வீட்டில் உண்டேன். சின்னம்மா பரிமாறினார், பழைய சொல்லை அவர் நினைவூட்டவில்லை. வல்ல இறைவன் சின்னத்தாவின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. அவற்றோடு என் பிழையையும் பொறுத்தருள்வானாக!