பல்லும் சொல்லும்

எழுத்துகள் பிறப்பதற்குத் துணையாகத் தொல்காப்பியர் எண்ணிய எட்டு உறுப்புகளுள் பல்லும் ஒன்று. வகுப்பில் பிறப்பியலை நடத்துங்கால், தகரத்தையும் நகரத்தையும் ஒலித்துப் பார்க்குமாறு மாணவரிடம் கூறுவேன். நாவின் நுனி தானாகவே மேற்பல்லின் அடியைத் தேடிச் செல்லும். அவ்வேளைகளில் என் வாப்பாவின் நினைவு எழாமல் இருப்பதில்லை.

வாப்பா எங்கள் ஊர் மதரசாவில் சிறுவர்க்கு ஓதிக் கொடுத்தவர். அரபு மொழியின் ஃபா என்னும் எழுத்துக்கு மேற்பல்லின் விளிம்பு கீழுதட்டைத் தொடவேண்டும். ஐம்பத்திரண்டாம் வயதுக்குள் அவருடைய மேல்வாய் முன்பற்கள் நான்கும் சொத்தையாகி விழுந்தன. ஆசிரியரின் வாயைப் பார்த்தே ஒலி பழகும் பிள்ளைகள், அவர் வாயிலிருந்து வெறுங்காற்றாக வந்ததை வெறுங்காற்றாகவே திருப்பிச் சொன்னார்கள். "இனி என்னிடம் ஓதினால் பிள்ளைகளுக்குப் பிழைதான் படியும்" என்று சொல்லிவிட்டு அன்றே பொறுப்பைத் துறந்தார். ஜமாஅத்துப் பெரியவர்கள் வற்புறுத்தியும் இசையவில்லை.

பல்லில் புழு விழுந்தது என்றனர் ஊரார். உம்மா கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் செய்தார்கள். உண்மையில் அப்படியொரு புழு இல்லை. பல்லின் மேல் ஆடைபோல் படியும் நுண்ணுயிரிகளே காரணம். அவற்றுள் முதன்மையானதற்கு 1924இல் கிளார்க் என்னும் அறிஞர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். நாம் உண்ணும் சர்க்கரையை இவை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. அந்த அவகாசத்தை நாம் கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

வாப்பா இனிப்புப் பிரியர் அல்லர். அல்வாவைத் தொடவும் மாட்டார். ஆனால் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் தொடங்கி இரவு வரை எட்டு, ஒன்பது முறை சர்க்கரைத் தேநீர், அதுவும் மடக்கு மடக்காக! சர்க்கரையின் அளவைக் காட்டிலும் அது வாயை அடையும் தடவைகளே பல்லைக் கெடுக்கின்றன. சுவீடன் நாட்டு விபெஹோம் மனநலக் காப்பகத்தில் 1940களில் நடந்த ஆய்வு இதனை மெய்ப்பித்தது. நோயாளிகளுக்கு மிட்டாய் ஊட்டிப் பல்லைக் கெடுத்த அச்செயலை எந்த அறநூலும் ஏற்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மிஸ்வாக் குச்சி வாப்பாவின் சட்டைப் பையை விட்டு அகன்றதில்லை. சங்கப் பாலைப் பாடல்களில் வரும் உகாய் மரமே அக்குச்சிக்குரிய மரம் என்பது தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய அப்பழக்கம் பல்லின் முகத்தை நன்கு துலக்கும். ஆனால் இரு பற்கள் நெருங்கும் இடுக்கில் அதன் நார் எளிதில் நுழையாது. வாப்பாவுக்குச் சொத்தை தொடங்கியதும் அங்கேதான். இடுக்குகளுக்கு நூல் வேண்டும். ஃபுளூரைடு கலந்த பற்பசை நாளுக்கு இருமுறை வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் படுக்குமுன் துலக்குவது இன்றியமையாதது. ரமலானில் சஹர் உணவை முடித்து, பேரீச்சம்பழம் பல்லில் ஒட்டியிருக்கவே ஃபஜ்ருக்குப் பின் உறங்கிவிடும் விடுதி மாணவர்கள் இதைக் கருத வேண்டும்.

தேநீரை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை; சொன்னாலும் நம் ஊரில் எடுபடாது. சர்க்கரையிட்ட தேநீரை உணவோடு சேர்த்து அருந்துங்கள், இடைவேளைகளில் சர்க்கரையின்றி அருந்துங்கள் என்பேன். எங்கள் மதரசாவில் இன்று ஓதிக் கொடுக்கும் இளைஞர் அவ்வாறே செய்கிறார். முதல் வாரம் மட்டும் முகம் சுளித்தாராம்.