பட்டறைத் தண்ணீர்



போன ஞாயிறு தில்லை நகரிலிருந்து துவாக்குடி போயிருந்தேன். 1965-இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு அந்தப் பக்கம் பட்டறைகள் பெருகின. அதில் ஒன்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையனுடையது.

பிளாஸ்மா கட்டிங் மெஷினில் தகடு கிடக்கும் மேசைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வெட்டும்போது எழும் புகை, தூசி, தீப்பொறியை அது பிடித்துக்கொள்ளும். அன்று தண்ணீர் மாற்றும் நாள். கறுத்த நீர், அடியில் ஒரு சாண் சேறு.

"வீணாகுதேப்பா, வேப்பமரத்துக்கு ஊத்தலாமே" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெட்டுறோம், இதுல குரோமியம் இருக்கும். மண்ணுல ஊத்தினா கிணத்துக்குப் போயிடும்" என்றான்.

தெளிந்த நீரை வடிகட்டி, தொட்டியைக் கழுவி, அதையே திரும்ப நிரப்பினான். குறைந்ததற்கு மட்டும் புதுத் தண்ணீர். சேற்றை டிரம்மில் மூடி வைத்தான், அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க. அலுமினியம் வெட்டினால் அந்தச் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் வரும், தகட்டுக்கு அடியில் தேங்கினால் ஒரு பொறியில் வெடிக்கும் என்றும் சொன்னான்.

"செலவு ஆகுமே?"

"ஆகும் டீச்சர். ராத்திரியில சாக்கடையில திறந்து விட்டா காசு மிச்சம்தான். மனசு வரல."

நீர்ச்சுழற்சிப் படத்தை எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! மேகம், மழை, ஆறு, கிணறு. நாம் கொட்டும் கழிவுக்கு ஒரு அம்புக்குறி போட்டதே இல்லை. அதை அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகளே, குழாயைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வாழ்க வளமுடன்.